கிலோமீட்டரை வகுத்தால் பயணத்திட்டம் ஆகிவிடாது

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இப்போதெல்லாம் நெடுந்தூர சைக்கிள் பயணம் கிளம்புகிறவர்கள் முதலில் உட்காருவது சைக்கிள் சீட்டில் அல்ல, கம்ப்யூட்டர் முன்னால்தான். மேப் தளத்தைத் திறப்பார்கள். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் டைப் செய்வார்கள். திரையில் ஒரு நீலக் கோடும் ஒரு எண்ணும் வரும். அந்த எண்ணை 80 ஆல் வகுப்பார்கள். விடை எத்தனையோ அத்தனை நாள் லீவு. திட்டம் முடிந்தது!

இந்த வகுத்தல் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன். மேப் தளங்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற நான் அப்படிச் சொன்னால் அது நியாயமும் ஆகாது. அந்தத் தளங்கள் தருகிற எண்களில் எதை நம்பலாம், எதை நாமே கணக்கிட வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல் மலை ஏறக் கூடாது என்பதுதான் என் கட்சி.

எடுத்துக்காட்டுக்கு வெளிநாடு போக வேண்டாம். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு சாலை இருக்கிறது. தனுஷ்கோடியில் தொடங்கி ராமநாதபுரம், மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடி வழியாக மலை ஏறி, பூப்பாறை, மூணாறு தொட்டு, அடிமாலி, நேரியமங்கலம் வழியாகக் கொச்சியில் இறங்குகிற சாலை. ஒரு கடலில் கிளம்பி இன்னொரு கடலில் முடிகிறது. முன்பு முழுவதும் 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. 2010-ல் எண்களை மாற்றிய பிறகு கிழக்குப் பகுதி 87, மேற்குப் பகுதி 85 என்று ஆகிவிட்டது. பெரியகுளத்திலிருந்து 16 கிலோமீட்டர் தேனிக்குப் போனால் இந்தச் சாலையைப் பிடித்துவிடலாம். நண்பர்கள் நால்வர் ஜனவரிக்காக இதைத் திட்டமிட்டுக் கொண்டிருக்கிறோம். பெரியகுளத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாள் ஓய்வு என்பதும் திட்டத்தில் அடக்கம். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டதற்கு அம்மா சமையல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

வகுத்தல் கணக்கின்படி பார்த்தால், ராமநாதபுரம் - மதுரை சுமார் 115 கிலோமீட்டர். அது கடினமான நாள். பெரியகுளம் - போடிமெட்டு சுமார் 57 கிலோமீட்டர். அது அரை நாள் வேலை. இப்படித்தான் எங்கள் முதல் பட்டியலைப் பார்த்த அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். "அன்னைக்கு மத்தியானமே மூணாறு போயிடலாமே, ஏன் போடிமெட்டுல தங்கணும்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காக எக்ஸெல் திறந்தேன். உங்களிடம் எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இலவசம்தான்.

கணக்கு பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான். ஆள், சைக்கிள், மூட்டை மூன்றும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். போடியைத் தாண்டி முந்தல் செக்போஸ்ட்டில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். எடையை 9.81 ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் 883 கிலோ ஜூல். டயர் உராய்வுக்கு இன்னொரு 120 சேர்த்தால் சுமார் 1,000 கிலோ ஜூல். பயிற்சி உள்ள, ஆனால் பந்தய வீரர் அல்லாத ஒருவர் மணிக்கணக்கில் விடாமல் தரக்கூடிய சக்தி 120 வாட் என்று கொள்ளலாம். வகுத்துப் பாருங்கள். இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல், எங்கும் நிற்காமல் மிதிக்க வேண்டும். வேகம் மணிக்கு எட்டரை கிலோமீட்டர். மேப் தளம் சொல்லும் நேரத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள், அது யாருடைய காலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது என்று யோசிக்கத் தோன்றும்.

அதே ஒர்க் ஷீட்டில் சமதரைக்கு இன்னொரு வரி. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், காற்று இல்லாத நாளில், உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்து சுமார் 13.7 நியூட்டன் நம்மைப் பின்னால் இழுக்கும். இதை 115 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 1,575 கிலோ ஜூல். பெரியகுளத்திலிருந்து முந்தல் வரை உள்ள 37 கிலோமீட்டரையும் மலை ஏற்றத்தையும் சேர்த்தால் சுமார் 1,510. அதாவது 57 கிலோமீட்டர் நாளும் 115 கிலோமீட்டர் நாளும் ஒன்றுதான்! அலுவலக நண்பர் இந்த இரண்டு செல்களையும் பார்த்த பிறகு ஒன்றும் பேசவில்லை.

இந்த எண்ணில் இன்னொரு வசதியும் உண்டு. நம் உடம்பு சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கைத்தான் மிதிப்பதற்குத் தருகிறது, மீதி வியர்வையாகவும் சூடாகவும் போய்விடுகிறது. ஒரு கலோரி என்பது நான்கு ஜூலுக்குச் சற்று அதிகம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் மிதித்த கிலோ ஜூல் எத்தனையோ, அதே அளவு கிலோ கலோரி சாப்பிட வேண்டும் என்று எளிதாக நினைவில் வைக்கலாம். முந்தல் முதல் போடிமெட்டு வரைக்கு மட்டும் ஆயிரம் கலோரி. இட்லிக் கணக்கில் இருபதுக்குக் குறையாது. இருபது இட்லியை ஒரே நேரத்தில் சாப்பிட்டுவிட்டு யாரும் மலை ஏற முடியாது. எனவே கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம் என்று மணிக்கு ஒரு முறை என்ன வாயில் போடுவது என்பதற்கும் ஒர்க் ஷீட்டில் ஒரு இடம் வேண்டும்.

கியரும் இதே கணக்கில்தான் வரும். கியர் இல்லாத சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்தால் ஒரு முறை பெடலைச் சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் போகும். எட்டரை கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 26 சுற்று. அது மிதிப்பது அல்ல, படி ஏறுவது. முட்டி போய்விடும். முன்னால் 28, பின்னால் 32 பல் உள்ள சைக்கிளில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு எழுபதுக்கும் மேல் சுற்று வரும். உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். கடையில் 21 கியர், 24 கியர் என்று எண்ணிக்கையைச் சொல்லித்தான் விற்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது முன்னால் மிகச் சிறிய சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் மிகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்ற இரண்டு எண்களை மட்டுமே.

இனி 1,000 மீட்டர் என்ற அந்த உயரத்துக்கு வருவோம். ரூட் போடும் தளங்கள் பல இருக்கின்றன. ஸ்ட்ராவா, ரைட் வித் ஜிபிஎஸ், இலவசமான பிரவுட்டர் என்று. ஒரே ஜிபிஎக்ஸ் பைலை இவற்றில் ஏற்றிப் பாருங்கள். மொத்த ஏற்றம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு எண் காட்டும். வித்தியாசம் பத்து இருபது மீட்டர் அல்ல, சில நேரம் நூற்றுக்கணக்கில் இருக்கும். எது சரி என்று கேட்டால், மலைப்பாதையைப் பொறுத்தவரை எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காரணம் இதுதான். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தகவலில் பெரும்பகுதி 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடாரில் எடுத்தது. உலகின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை அளந்தார்கள். முதலில் நம் நாட்டுக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் தந்தார்கள். 2014, 2015-க்குப் பிறகே 30 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைத்தது. இது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் நம் மலைச்சாலை சரிவை வெட்டிப் போட்ட ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி. 35 டிகிரி சரிவில் பக்கவாட்டில் 30 மீட்டர் தள்ளிப்போனால் உயரம் 21 மீட்டர் மாறிவிடும். மேப்பில் சாலைக் கோடு கொஞ்சம் விலகி வரைந்திருந்தால் போதும், சாப்ட்வேர் சாலையின் உயரத்தை எடுக்காமல் பக்கத்துப் பாறையின் உயரத்தையோ பள்ளத்தின் உயரத்தையோ எடுத்துக்கொள்ளும். அடுத்த புள்ளியில் மறுபக்கம். இப்படி நேராக ஏறும் சாலை அதன் கணக்கில் ஏறி இறங்கி ஏறுகிறது. அந்தப் பொய் ஏற்றங்கள் எல்லாம் கூட்டப்படுகின்றன. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு தளமும் தன் வழியில் வரைபடத்தை வழவழப்பாக்குகிறது. அதனால்தான் ஆளுக்கொரு எண்.

அந்த ரேடார் பல இடங்களில் மர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டது என்பது வேறு விஷயம். பாரோமீட்டர் உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். நம் பகுதியில் காற்றழுத்தம் காலை பத்து மணிக்கு உயர்ந்து மாலை நான்கு மணிக்கு இறங்குவது தினசரி வழக்கம். நீங்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே அது உங்களை 25, 30 மீட்டர் மேலே ஏற்றிவிடும்.

நான் செய்வது பழைய வழி. ஒரு ஏற்றத்தின் அடி, உச்சி இரண்டின் உயரத்தை மட்டும் எடுத்துக் கழிக்கிறேன். நடுவில் உண்மையாகவே இறக்கம் இருந்தால் அங்கே உடைத்து இரண்டு ஏற்றமாக எழுதுகிறேன். முந்தல் - போடிமெட்டு ஒன்று. பூப்பாறையில் இறங்கி மீண்டும் தேவிகுளம் பக்கம் ஏறுவது இன்னொன்று. பயணம் முழுவதற்கும் பத்து வரிகள்கூட வரவில்லை. இதற்கு மாதச் சந்தா கட்டி ஒரு ஆப் தேவையில்லை.

மலையைவிடப் பெரிய விஷயம் ஒன்றை இந்த ஒர்க் ஷீட் காட்டிக் கொடுத்தது. காற்று. மதுரை - தேனி 76 கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் மேற்கு. காற்றே இல்லாவிட்டால் 1,040 கிலோ ஜூல். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வீசினால் 585. அதே காற்று எதிரே வந்தால் 1,850! மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். எதிர்க்காற்றில் அதே 18 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க 122 வாட் தேவை. அதாவது போடிமெட்டு ஏற்றத்தை நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஏறுகிற மாதிரி. அதுவும் சமதரையில், பார்க்க ஒன்றுமே இல்லாமல்.

நம் மாவட்டத்து ஆட்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்தவர்கள் விளையாட்டுக்காக நடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகள் வழியாக இறங்கி அடிக்கும். அந்த மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கே போக நினைப்பது வீண் பிடிவாதம். ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து. தனுஷ்கோடியில் தொடங்கி மேற்கே போகிறவர்களுக்கு முதுகில் ஒரு கை வைத்த மாதிரி. ராமநாதபுரம் - மதுரை மட்டும் வடமேற்கே போவதால் அந்த நாளில் காற்று பக்கவாட்டில்தான் இருக்கும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. எந்த ஊரில் தொடங்குவது என்று நாங்கள் முடிவு செய்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். ரூட் போடும் தளங்கள் பெரும்பாலும் போகவும் வரவும் ஒரே தூரம், ஒரே நேரம் என்றுதான் காட்டுகின்றன.

இதுவரை சொன்னது உடம்பு வலி சம்பந்தப்பட்டது. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

மேப் என்பது யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாளில் வரைந்தது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017-ல். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அதுவரை அங்கே மணலில் ஜீப், வேன் மட்டும்தான். அதற்கு முன் டவுன்லோட் செய்து வைத்த மேப்பில் அந்தச் சாலை இருக்காது. இது நல்ல பக்கம். கெட்ட பக்கம், இருக்கும் கோடு ஆபத்தான கோடாக இருப்பது. கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு மேப் காட்டும் குறுக்கு வழி. லாஸ் காட் ரோடு வருவதற்கு முன், வெள்ளைக்காரர்கள் காலத்திலும் நம் ஊர்ப் பக்கமிருந்துதான் குதிரையிலும் டோலியிலும் கொடைக்கானல் ஏறினார்கள். இன்றைய அடுக்கம் சாலை குறுகலானது. மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி மூடப்படுகிறது. மூடியிருக்கிறது என்று மேப்புக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

இன்னும் மோசம் காட்டுக்குள் போகும் புள்ளிக்கோடுகள். போடி பக்கத்துக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கும் கொழுக்குமலைக்கும் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று அந்தக் காட்டில் பரவிய தீயில் மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் நம்மைப் போன்ற வயதினர். சென்னையிலும் கோவைப் பக்கத்திலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு வந்தவர்கள். சைக்கிளுக்கான ரூட் போடும் சில சாப்ட்வேர்கள், செட்டிங்கில் மலைப்பாதை சைக்கிள் என்று தேர்வு செய்தால், இப்படிப்பட்ட பாதைகளையும் வழியாகச் சேர்த்துவிடும். வெயில் காலத்தில் காய்ந்த புல், வனத்துறை அனுமதி, ஆபத்து வந்தால் இறங்க வேறு வழி உண்டா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. அந்த செட்டிங்கை மாற்றி, தார்ச்சாலை மட்டும் என்று வையுங்கள். காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் வனத்துறை 2024-ல் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியுடன் தனியாகப் போங்கள், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு.

தார்ச்சாலையிலும் யானை வரும். பூப்பாறை, சின்னக்கானல் பகுதி யானை நடமாட்டம் உள்ள இடம். அரிக்கொம்பன் அங்கேதான் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டான். பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருவில் நடந்தான். அவன் இப்போது களக்காடு முண்டந்துறைப் பக்கம் போய்விட்டாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் போடிமெட்டு - மூணாறு பகுதியை அதிகாலையிலோ இருட்டியோ கடக்கக் கூடாது. எங்கள் ஒர்க் ஷீட்டில் அந்த வரிக்கு மட்டும் காலை எட்டு மணி, மாலை நான்கு மணி என்று இரண்டு எல்லைகள் போட்டிருக்கிறோம். அதனால்தான் போடிமெட்டில் தங்குகிறோம். அலுவலக நண்பருக்கு இதுவும் பதில்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பல சைக்கிள் சாப்ட்வேர்களுக்கு மேப் தருவது இதுதான். உங்கள் ஊர்ச் சாலை அதில் தவறாக இருக்கிறது என்று குறை சொல்வதைவிட ஒரு கணக்கு தொடங்கித் திருத்திவிடுங்கள். குடிநீர்க் குழாய், பஞ்சர் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவற்றைச் சேருங்கள். கூகுள் மேப்பில் இருப்பதைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, நேரில் பார்த்ததை மட்டும்தான் சேர்க்க வேண்டும். சாட்டிலைட் படத்தில் காட்டுக்குள் ஏதோ கோடு தெரிகிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடி பாதை வரைந்து வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோட்டை நம்பி ஒருவன் போவான்.

மலையில் செல்போன் சிக்னல் தமிழ்நாட்டு டவருக்கும் கேரளா டவருக்கும் நடுவில் அலைந்து பேட்டரியைக் குடித்துவிடும். ஆஸ்மாண்ட் போன்ற ஆப்பில் மேப்பை முன்பே இறக்கி, போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். ஒர்க் ஷீட்டை ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். முடியாமல் போனால் திரும்பும் வழியும் அதே தாளில் இருக்க வேண்டும். மதுரை - போடி அகல ரயில் பாதை 2022-ல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் திறக்கப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடி நான்கிலும் ஸ்டேஷன் உண்டு. அந்தப் பகுதியில் யாருக்கு என்ன ஆனாலும் ரயிலோ பஸ்ஸோ பிடித்து வந்துவிடலாம். போடிக்கு மேலே பஸ் மட்டும்தான்.

பெரியகுளத்தில் நாங்கள் சைக்கிளைக் கோட்டம் எடுக்கக் கொடுத்த கடைக்காரர் இந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஏறுறதுக்கு இவ்வளவு எழுதியிருக்கீங்களே தம்பி, இறங்குறதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்றார். "எறக்கத்துல பிரேக் கட்டையை விடாம பிடிச்சா ரிம்மு கொதிச்சு டியூப் வெடிச்சிரும். ரெண்டு ஜோடி கட்டை எடுத்துட்டுப் போங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கொச்சி கடல் மட்டம். 90 கிலோவுக்கு 1,320 கிலோ ஜூல். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும், மீதியெல்லாம் பிரேக்கில்தான் போக வேண்டும். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. எனவே ஏழாம் நாளுக்குப் புதிதாக ஒரு நெட்டு வரிசை சேர்த்திருக்கிறோம். பள்ளிவாசல், அடிமாலி, சீயப்பாறை, நேரியமங்கலம் என நான்கு இடங்களில் பத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும், ரிம்மை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டை இரண்டு ஜோடி வாங்கியாகிவிட்டது.